அப்பா ஊட்டிக்குப் போன வாரம்

என் அப்பாவுக்குத் தொண்ணூற்றொரு வயது. எனக்கு அறுபத்தெட்டு. இந்த வயதிலும் நான் தோசை வார்த்துப் போட்டால், சாப்பிடுவதற்கு முன்னால் தட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். "வடக்கால கொஞ்சம் இழுத்துட்டுது அம்மணி" என்பார். தோசைக்கு வடக்குத் தெற்கு பார்க்கிற மனிதர் திருச்செங்கோட்டில் இருந்து சேலம் வரைக்கும் தேடினாலும் இவர் ஒருவர்தான் இருப்பார்.

அவருடைய தொழில் அப்படி. லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் நாற்பது வருடம் எழுத்து எழுதியவர். வண்டியின் நெற்றியில் சாமி பெயர், கதவில் முதலாளி பெயர், பின்னால் 'ஒலி எழுப்பவும்', எல்லாம் அவர் கைதான். நூல் பிடிக்க மாட்டார், கோடு போட மாட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு கண்ணால் பார்ப்பார், அவ்வளவுதான். அப்புறம் அளவுகோல் வைத்துப் பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தக் கண்ணைச் சாயங்காலம் பட்டறையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் நாங்கள் நிம்மதியாக இருந்திருப்போம். அவரோ அதை வீட்டுக்குக் கொண்டு வந்தார். அம்மா போட்ட கோலம் கோணல். நான் எடுத்த வகிடு கோணல். கொடியில் காயப்போட்ட துண்டு கோணல். என் தம்பி முதல்முதலாகப் பேசிய வார்த்தையே 'கோணல்' என்றுதான் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அது பொய்யாகக்கூட இருக்கலாம். நான் நம்புகிறேன்.

என் கல்யாணத்தன்று எல்லோரும் அட்சதை போட வரிசையில் நிற்கிறார்கள். அப்பா மட்டும் மணவறைக்கு எதிரே நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து, "மாப்பளைக்கு எடது தோளு சித்த எறக்கமா இருக்குது அம்மணி" என்றார். தாலி கட்டுவதற்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் நான் என்ன செய்ய முடியும்? அவர் சொன்னது நிஜம்தான். முப்பத்தெட்டு வருடம் அந்த இடது தோளோடுதான் குடும்பம் நடத்தினேன். என் வீட்டுக்காரர் காலமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. தங்கமான மனிதர். தோள் மட்டும் இறக்கம்.

நான் படிக்காமல் போனதற்கும் அப்பாதான் காரணம் என்று சொல்லிவந்தேன். பாதிக்குப் பாதி அது சரி. மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு லீவு நாளில் பட்டறைக்குச் சோறு கொண்டுபோனேன். அவர் ஒரு பலகையையும் மீந்த பெயிண்டையும் கொடுத்து, அ எழுதச் சொன்னார். நாக்கைத் துருத்திக்கொண்டு பாடுபட்டு எழுதினேன். அப்பா பார்த்தார். "இதென்ன அம்மணி, அ-வா, இல்ல கோழி அடைக்குப் படுத்திருக்குதா?" என்றார். வெல்டிங் வைப்பவர், ஆணி அடிப்பவர், டீ கொண்டு வந்தவர் என்று பட்டறையே சிரித்தது. நான் பிரஷ்ஷைப் பெயிண்ட் டப்பாவுக்குள் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா முறையிட்டதற்கு, "ரெண்டு நாளு உடு, தானாப் போகும்" என்றார் அப்பா. நானாகப் போகவில்லை. அவராகக் கூப்பிடவும் இல்லை. அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

இப்போது நான் எழுதுவதெல்லாம் பிற்பாடு என் மகளின் பள்ளிப் புத்தகத்தை எட்டிப் பார்த்துக் கற்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகும். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

சிரித்துக்கொண்டே சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இந்த வீட்டை நான் கட்டினேன். இரண்டு மாட்டை வைத்துப் பால் ஊற்றியே கட்டியது. புதுமனை புகும் நாளில் பால் காய்ச்சி முடித்ததும் எல்லோரும் வீட்டைச் சுற்றிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்பா சட்டைப்பையில் இருந்து ஒரு நூலை எடுத்தார். அதன் நுனியில் ஒரு போல்ட் நட்டைக் கட்டினார். வாசல் நிலையில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, "நெலை ஒரு வெரக்கடை சாஞ்சிருக்குது. பாக்காமயா நிறுத்துன?" என்றார். அன்றைக்கு ஒரு வார்த்தை, நல்லா இருக்குது அம்மணி என்று, பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். நான் ஒன்றரை வருடம் அவரோடு பேசவில்லை. மழைக்காலத்தில் கதவு தேய ஆரம்பித்ததையும் யாரிடமும் சொல்லவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவின் அடியை இழைத்துக்கொண்டேன். மறு மழைக்கு அது மறுபடியும் தேய்ந்தது. காலால் ஒரு உதை விட்டால் சாத்திக்கொள்ளும்.

இப்படிப்பட்ட அப்பா, போன மாசம் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அதுவரைக்கும் திருச்செங்கோட்டுப் பக்கம் பழைய வீட்டில் தனியாகத்தான் இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள். சேலத்தில் இருக்கும் என் தம்பி கூட்டிக்கொண்டு போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அவன் வீடு அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. அதைச் சரிசெய்ய ஒரு மாதம் ஆகும் என்றார்கள். கட்டுப் போட்ட காலோடு மூன்று மாடி ஏற முடியுமா? அதனால் அந்த ஒரு மாதம் மட்டும் என் வீடு.

எங்கள் பக்கம் மகள் வீட்டில் அப்பன் தங்கிச் சாப்பிடுவது அவ்வளவு பெருமையான காரியம் இல்லை. காரில் இருந்து இறங்கும்போதே அப்பா அதைத் தெளிவாக்கிவிட்டார்.

"முப்பது நாளு அம்மணி. லிப்டு சரியாகற வரைக்கும். விருந்தாளின்னு வச்சுக்க."

"விருந்தாளி யாருங்கப்பா தட்டு டம்ளரோட வாரது?" என்றேன். பைக்குள் தன்னுடைய தட்டையும் டம்ளரையும் கொண்டு வந்திருந்தார்.

"உன்ற ஊட்டுத் தட்டு எப்புடி இருக்குமோ, யாருக்குத் தெரியும்" என்றார்.

அந்த முப்பது நாளும் அது 'உன்ற ஊடு'தான். உன்ற ஊட்டுத் தண்ணி உப்புக் கரிக்குது. உன்ற ஊட்டுப் பூனை மரியாதை தெரியாதது. உன்ற ஊட்டுல மணி எட்டாகியும் வெளிச்சம் வர மாட்டேங்குது. தவறிக்கூட, ஊட்டுக்குள்ள போலாம், ஊட்டுல இருக்கறேன் என்று சும்மா சொல்ல மாட்டார். அந்த 'உன்ற'வை முன்னால் நட்டுவிட்டுத்தான் ஊட்டுக்குள் காலே வைப்பார்.

கட்டிலை ஜன்னலோரம் போட்டுக் கொடுத்தேன். அங்கிருந்து பார்த்தால் மாட்டுக்கொட்டகை, வாசல், அதற்கு அப்பால் ரோடு மூன்றும் தெரியும். போட்டுக் கொடுத்ததற்கு அப்புறம்தான் தப்புச் செய்துவிட்டேன் என்று புரிந்தது. மூன்று திசையில் இருந்தும் அவருக்கு வேலை வந்தது. ரோட்டில் போகிற ஒவ்வொரு லாரியின் எழுத்துக்கும் தீர்ப்பு. "இந்தக் கம்ப்யூட்டர் ஸ்டிக்கருல துணைக்காலைப் பாரு, ஒட்டடைக் குச்சியாட்ட." பால் வண்டிக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தி, அவர் வண்டியில் 'பால்' என்பது 'பாள்' என்று எழுதியிருப்பதை எடுத்துச் சொன்னார். அந்த மனிதர் நாலு வருடமாகப் பாளை ஊற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஒருத்தரும் சொல்லவில்லையாம். மறுநாள் எழுத்தை மாற்றிக்கொண்டு வந்து அப்பாவிடம் காட்டிவிட்டுத்தான் பால் எடுத்தார்.

நான் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்குவது நீளம் கூடுதல். சாணி வழிக்கிறது வலது கைப் பக்கம் மிச்சம். காலண்டர் கோணல். நானும் சும்மா இருக்கவில்லை.

"உங்க மாவுக்கட்டு கோணலா இருக்குதுங்கப்பா" என்றேன் ஒருநாள்.

குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ஆமா" என்றார். "நா அன்னைக்கே டாக்டர்கிட்டச் சொன்னேன். அந்தாளு கேக்கல."

மூன்றாவது வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டில் என் குரலைத் தவிர வேறு குரல் கிடையாது. மகள் பெங்களூரில் இருக்கிறாள். நான் பேசினால் மாடுதான் காதை ஆட்டும். இப்போது விடிந்ததில் இருந்து ஒருத்தர் குற்றம் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் அரிசி களையும்போதே, இதற்கு என்ன சொல்வார் என்று யோசிக்கிறேன். அவர் சொல்வதற்குள் பதிலையும் தயார் செய்துவிடுகிறேன். ஒருநாள் சாம்பாருக்கு ஒன்றும் சொல்லவில்லை. பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். உடம்பு சுடவில்லை, தூக்கக் கலக்கம்தான்.

அப்பா இங்கேயே இருந்துவிட வேண்டும். அந்த நினைப்பு எப்படி வந்தது என்று தெரியாது, வந்துவிட்டது. தம்பி நல்லவன்தான். அவன் ஜவுளிக் கிடங்கில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி பள்ளிக்கூட டீச்சர். காலையில் எட்டரைக்குப் போனால் இருவரும் திரும்ப ஆறு மணி ஆகும். அந்த வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு கட்டடத்தின் சுவர். வெள்ளைச் சுவர். ஒரு எழுத்துக்கூட இல்லாத சுவர். இவரை அதற்கு எதிரே உட்கார வைத்தால் மூன்று மாதம் தாங்குவாரா?

ஆனால் கேட்பது எப்படி? அறுபத்தெட்டு வருடத்தில் அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை. பாவாடை வேண்டும் என்றுகூட அம்மாவிடம்தான் கேட்பேன். நான் கேட்டு, அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "உன்ற ஊட்டுலயா?" என்றுவிட்டால் அப்புறம் நான் எந்த மூஞ்சியோடு அவருக்குச் சோறு போடுவது? அவரும் வாயைத் திறக்கிற வழியாக இல்லை. தானே கேட்டு மகள் வீட்டில் தங்கினார் என்ற பேச்சு வந்துவிடும் அல்லவா.

புதன்கிழமை தம்பி போன் செய்தான். "லிப்டு சரியாயிருச்சுக்கா. ஞாயித்துக்கெழம கார் எடுத்துட்டு வாரேன். அப்பா பையை எடுத்து வச்சிரு." எட்டடி தூரத்தில் அப்பா கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்புறம் மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். என் போனில் மைக் படத்தை அழுத்திப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். மகள் சொல்லிக் கொடுத்தது. மாட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மெதுவான குரலில் தம்பிக்குச் சொன்னேன்: "தம்பி, அப்பா ஊட்டுலயே இருக்கட்டும். எனக்கு ஒரு சிரமமும் இல்ல. காத்தும் இங்க குளுகுளுன்னு இருக்குது. அவருக்குப் புடிச்சிருக்குது. நீ கூப்புட வர வேண்டாம்." போன் அதை எழுதி முடித்தது. நான் படிக்கவில்லை. நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அப்பா ஏதாவது கேட்டுக் கூப்பிடுவார். அப்படியே அனுப்பிவிட்டேன்.

நான் பேசியது எங்கள் பேச்சு. எங்களுக்கு வீடு என்றால் ஊடு. போனுக்கு அது தெரியுமா? அது படித்த போன். 'அப்பா ஊட்டியிலேயே இருக்கட்டும்' என்று எழுதிவிட்டது.

தம்பி பார்த்திருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பான். அன்றைக்கு இருவருக்கும் லீவு. அவன் போனை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போயிருக்கிறான். படித்தது அவன் மனைவி. அவளுக்கு ஊர் ஆத்தூர்ப் பக்கம். அங்கே வீடு வீடுதான். இவ்வளவு வருடம் எங்களோடு பழகியும், எழுத்தில் பார்த்தால் அவள் டீச்சர்தான். எழுதியிருப்பதுதான் அர்த்தம். மாவுக்கட்டுப் போட்ட மாமனாரை நாத்தனார் மலைக்குக் கடத்திக்கொண்டு போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டு, நேராக அப்பாவின் போனுக்குக் கூப்பிட்டாள்.

அப்பாவுடையது பொத்தான் போன். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். தெருவே கேட்கும். நான் வெளியே சோளத்தட்டு நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"ஊட்டுலதானுங்க சாமி."

"ஐயையோ, நிஜந்தானா! எப்ப போனீங்க?"

"எங்க போறது? ஊட்டுலயே இருக்கறேன்."

"குளிருதுங்களா மாமா?"

"காலைல சித்த குளுருது. துண்டு போத்திக்கறேன்."

"வெறும் துண்டா! ஸ்வெட்டர் இல்லையா? காலு இருக்கிற நிலைமைல உங்கள யாரு அங்க கூட்டிட்டுப் போனது?"

"அம்மணிதான். ஆசுபத்திரில இருந்து நேரா ஊட்டுக்குத்தான் கூட்டிட்டு வந்துச்சு."

"ஆஸ்பத்திரியில இருந்து நேராவா! ஒரு மாசமாவா அங்க இருக்கீங்க? மலை மேல எப்படி மாமா ஏறினீங்க?"

"மலையா? ரெண்டு படிதாங்க சாமி. நானே ஏறிட்டேன்."

அப்புறம் அவள் மெதுவாக, "எப்ப மாமா திரும்பி வர்றீங்க?" என்றாள்.

"எங்கிருந்துங்க திரும்பறது? ஊட்டுல இருக்கறேன், ஊட்டுல இருக்கறேன்னு எத்தன தடவ சொல்றது!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "பாவம், மருமகளுக்குத் தலைல வெயிலு பட்டுருச்சாட்டருக்குது. ஒரு மோரு கீரு குடிக்கச் சொல்லோணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரிவாளை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாறு தடவை ஊடு என்று சொல்லிவிட்டார். ஒரு தடவைகூட 'உன்ற' வரவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

பொழுது சாயத் தம்பி கூப்பிட்டான். அதற்குள் அவனுக்கு விஷயம் விளங்கியிருந்தது. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவனுக்கு. "இவ ஊட்டில ரூம் வாடகை என்னன்னு விசாரிச்சுட்டாக்கா." அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மெய்யாலுமே இருக்கட்டும்னு சொல்றியா? அப்பாகிட்டக் கேட்டியா?" என்றான்.

"நா எதுக்குக் கேக்கறேன்?"

"அப்ப அவரு இருக்கறேன்னு சொன்னாரா?"

"அவரு எதுக்குச் சொல்றாரு?"

"நல்லாருக்குது போ" என்றான். "நா ஞாயித்துக்கெழம வாரேன். அவரு வண்டில ஏறுனா கூட்டிட்டு வந்தர்றேன். ஏறலைன்னா உட்டுட்டு வாரேன். எனக்கு உங்க ரெண்டு பேரு நடுவுல நின்னு அடி வாங்க முடியாது."

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா அவரே பையை எடுத்து வைத்தார். வேட்டிகளை மூலைக்கு மூலை சேர்த்து மடித்தார். எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தட்டையும் டம்ளரையும் வைத்து ஜிப்பை இழுத்தார். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருங்கப்பா என்ற ஒரு சொல் தொண்டை வரைக்கும் வந்தது. "ஜிப்பு சிக்கிக்கும், மெல்ல இழுங்க" என்ற சொல்தான் வெளியே வந்தது.

"தெரியும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பை காலடியில். நான் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். என் கை பாட்டுக்கு வேலை செய்தது. மிளகாய் எத்தனை போட்டேன் என்று எனக்கே தெரியாது.

பதினொரு மணிக்குக் கார் வந்தது. தம்பி மனைவி இறங்கும்போதே சிரித்துக்கொண்டு, "என்ன மாமா, ஊட்டி எப்படி இருந்துச்சு?" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்டார், இன்னும் மோர் கொடுக்கவில்லையா என்று.

"வேணாம்டி" என்றான் தம்பி. அவள் கேட்கவில்லை. போனை எடுத்து நான் அனுப்பியதைத் திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். "நீங்களே பாருங்க மாமா. அண்ணி எழுதினது."

குழம்புக் கரண்டியோடு வாசல் நிலையிலேயே நின்றுவிட்டேன். அன்றைக்குப் பட்டறையில் எழுதியதற்கு அப்புறம் நான் எழுதிய எதையும் அவர் பார்த்ததில்லை. நான் பார்க்க விட்டதில்லை.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாகப் படித்தார். ஊட்டியிலேயே இருக்கட்டும். எனக்கு ஒரு சிரமமும் இல்லை. அவருக்குப் பிடித்திருக்கிறது. நீ கூப்பிட வர வேண்டாம். படித்துவிட்டு மறுபடியும் மேலே போய் முதலில் இருந்து படித்தார், இந்தத் தடவை வாய்க்குள். தம்பி காரின் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தான்.

"எழுத்தெல்லாம் நேராத்தான் இருக்குது" என்றார் கடைசியில். "ஊருதான் தப்பு."

தம்பி மனைவி பக்கென்று சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை.

"ஏ அம்மணி. இத எப்ப அனுப்புன?"

"புதன்கெழம."

"எங்கிருந்து?"

"மாட்டுக்கொட்டாயில இருந்து."

"நா கட்டல்ல உக்காந்திருந்தேன். எட்டடி தூரம். எட்டடி தள்ளி இருக்கறவன்கிட்டச் சொல்றத உட்டுட்டு, சேலத்துக்குச் சொல்லி, ஊட்டிக்குப் போயி, இப்ப எனக்கு வருது."

"நீங்க மட்டும் சொன்னீங்களா?" என்றேன். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "நேத்துப் பொழுதோட பையத் தூக்கி வச்சு ஜிப்பை இழுக்கத் தெரிஞ்சுதல்ல? ஒரு வார்த்தை, இருக்கறேன் அம்மணின்னு சொல்ல வாய் இல்லையா?"

"முப்பது நாளாச் சொல்லிட்டேதான இருக்கறேன்!"

"என்னத்தச் சொன்னீங்க?"

"தட்டு நறுக்கறது நீளம்னு சொல்லல? கதவு தேயுதுன்னு சொல்லல? காலண்டரு, அடுப்படி லைட்டு, தண்ணித்தொட்டி மூடின்னு ஒவ்வொண்ணாச் சொல்லல? ஊட்ட உட்டுப் போறவன் இதெல்லாம் எதுக்குச் சொல்றான்? வாய மூடிட்டுப் போயிட்டே இருக்க மாட்டானா?"

இப்படி ஒரு வழியில் அந்த மனிதரை நான் யோசித்ததே இல்லை. ஆனாலும் ஒரே வாக்கியத்தில் அறுபது வருடத்தையும் துடைத்துவிடப் பார்த்தார் பாருங்கள், அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. "அப்படீன்னா புதுமனை அன்னைக்கு நூலு புடிச்சீங்களே, அது?" என்று கேட்டுவிட்டேன்.

தம்பியும் அவன் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அது தப்புத்தான்" என்றார். எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன். "நெலை சாஞ்சது சாஞ்சதுதான். அதுல ஒண்ணும் மாத்தமில்ல. அன்னைக்குச் சொன்னது தப்பு. அடுத்த நாளு சொல்லியிருக்கோணும்."

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அவர் பங்குக்கு அது பெரிய மலையை நகர்த்தியது மாதிரி. நான் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டேன்.

தம்பி மெல்ல, "அப்ப வரலீங்களாப்பா?" என்றான்.

"உன்ற ஊட்டுல எல்லாம் நேரா இருக்குது சாமி" என்றார் அப்பா. அவன் மனம் நோகக் கூடாது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "செவுரு நேரு, கதவு நேரு, உன்ற பொண்டாட்டி அடுக்கி வச்ச டப்பாவெல்லாம் நேரு. அங்க வந்து நா என்ன பண்றது? இங்கதான் வேல கெடக்குது."

"நல்லாப் போச்சு" என்றேன் நான். "என்ற ஊடு கோணல்னு ஊரக் கூட்டிச் சொல்லிட்டுத்தான் தங்கறதா?"

"கோணல் இல்லைன்னு நீ சொல்லு பாக்கலாம்."

தம்பி மனைவி பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இலை போட்டோம். நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். குழம்பில் மிளகாய் அளவுக்கு மீறி இருந்தது. தம்பி கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டு சாப்பிட்டான். அவள் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தாள். அப்பா மட்டும் தலையைக் குனிந்து இலையில் இருந்ததை முழுக்க முடித்தார். நான் காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். கார் ரோட்டில் ஏறித் திரும்புகிற வரைக்கும் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கரை ஊன்றி எழுந்தார்.

"ராத்திரிக்கு என்ன அம்மணி?"

"கொழம்பு மிச்சம் இருக்குது."

"அதையா? வாயெல்லாம் எரியுது. மனுசன் திங்கற காரமா அது?"

"அப்ப மத்தியானமே சொல்லியிருக்கலாமல்ல? எல்லாத்தையும் வழிச்சு நக்கிட்டு இப்பச் சொல்றீங்க."

"வந்தவிங்க முன்னால சொன்னா உனக்கு ஒரு மாதிரியா இருக்கும்னுதான் சொல்லல."

"சரி. வேண்டாம்னா தயிர் ஊத்திச் சாப்புடுங்க."

"வேண்டாம்னு நா எப்பச் சொன்னேன்? காரம்னுதான சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே, இரண்டு படியையும் ஏறி உள்ளே போனார்.